வெளிநாட்டுக் கோடைத் தொண்டுக்குக் கல்லூரி தரும் மானியம்: செலவுப் பட்டியலில் விடுபடும் இரண்டு வரிகள்

அமெரிக்காவில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் வருகிற கோடை விடுமுறையில் வெளிநாடு ஒன்றில் எட்டு வாரம் தன்னார்வத் தொண்டு செய்ய விரும்புவதாகவும், அதற்குக் கல்லூரி 4,500 டாலர் வரை மானியம் தருவதாக அறிவித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகை போதுமா, விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இத்தகைய பயணங்களால் அங்குள்ள மக்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று நான்கு கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இதுபோன்ற மானியங்களுக்கான தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். நான்கும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், அவற்றுக்கான விடை பெரும்பாலும் ஒரே தாளில், அதாவது விண்ணப்பத்தோடு இணைக்கும் செலவுப் பட்டியலில், இருக்கிறது. ஒரு கல்லூரி எந்தச் செலவை ஏற்கிறது, எதை ஏற்க மறுக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த நிதி யாரை மனத்தில் வைத்து ஏற்படுத்தப்பட்டது என்பது விளங்கிவிடும்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பணம் கொடுத்தவரின் நிபந்தனைதான் பின்னால் கல்லூரியின் நிபந்தனையாக வந்து நிற்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் இது முன்னாள் மாணவர் ஒருவரோ ஒரு குடும்பமோ அளித்த நன்கொடை. அதை முதலீடு செய்து, ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதியை மட்டும் மாணவர்களுக்குச் செலவிடுவார்கள். ஆகவே ஒரே கல்லூரிக்குள் ஐந்தாறு சிறு நிதிகள் இருக்கக்கூடும். ஒன்று குறிப்பிட்ட கண்டத்துக்குச் செல்வோருக்கு, இன்னொன்று பொதுச் சுகாதாரப் பணிக்கு, மற்றொன்று மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் என்று அவற்றின் விதிகள் வேறுபடும். அவை ஒரே அலுவலகத்தின் பொறுப்பிலும் இருக்காது. சமூகப் பணி மையம், வேலைவாய்ப்பு வழிகாட்டு அலுவலகம், சமய வாழ்வு அலுவலகம், தனித்தனித் துறைகள் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். உங்கள் மகள் பார்த்த அறிவிப்பு ஒன்றுதான் எல்லாம் என்று எண்ண வேண்டியதில்லை; நான்கு அலுவலகங்களில் ஏறி இறங்கிய மாணவர்கள் இரண்டு நிதிகளைச் சேர்த்துப் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே செலவை இரண்டு நிதிகளிலும் காட்டக் கூடாது என்பது மட்டுமே அங்கே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு.

பெரிய அளவில் இதைச் செய்த பல்கலைக்கழகங்களைப் பார்த்தால் செலவுப் பட்டியலைப் பற்றி நான் சொல்வது புரியும். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் 2007-இல் டியூக் அறக்கட்டளையிடமிருந்தும் பில், மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்தும் தலா 1.5 கோடி டாலர் பெற்று, 'டியூக் என்கேஜ்' என்ற திட்டத்தை அறிவித்தது. 2008 கோடையில் அது முழு அளவில் தொடங்கியது. குறைந்தது எட்டு வாரம் ஒரே இடத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும் என்று விதி வைத்தது. பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்றது. மாணவர் கையிலிருந்து போட வேண்டிய தொகை என்று ஒன்று இல்லாமல் செய்ததுதான் அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து. இதற்கு வேறுபட்ட முறை ஒன்றும் உண்டு. கேத்ரின் வாசர்மன் டேவிஸ் என்ற பெருமாட்டி 2007-இல் தம் நூறாவது பிறந்த நாளை ஒட்டி, மாணவர்கள் நடத்தும் நூறு திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர் என்று பத்து லட்சம் டாலர் வழங்கினார். 'அமைதிக்கான திட்டங்கள்' என்ற அந்த மானியம் இன்றும் மிடில்பரி கல்லூரியின் நிர்வாகத்தில், உறுப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்குக் கிடைக்கிறது. முன்னது மாணவரைப் பல்கலைக்கழகம் ஏற்படுத்திய இடத்துக்கு அனுப்புகிறது. பின்னது மாணவரே வகுத்த திட்டத்துக்குப் பணம் தருகிறது. உங்கள் மகளின் கல்லூரி தருவது இவ்விரண்டில் எந்த வகை என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஏனென்றால் இரண்டாவது வகையில் இடம் தேடுவது, அனுமதி பெறுவது, பாதுகாப்பைத் திட்டமிடுவது ஆகிய எல்லாமே மாணவரின் தலையில் விழும்.

இப்போது 4,500 டாலருக்கு வருவோம். நான் போடும் கணக்கு ஒரு மாதிரிதான். போகும் நாட்டைப் பொறுத்துத் தொகைகள் மாறும், செலவு வகைகள் மாறா. விமானக் கட்டணம் 1,600 டாலர், விசா 100, தடுப்பூசியும் மலேரியா மாத்திரையும் 400, ஒரு குடும்பத்தோடு தங்கி உண்பதற்கு நாளொன்றுக்கு 25 டாலர் வீதம் 56 நாளுக்கு 1,400, உள்ளூர்ப் பயணம் 200, காப்பீடு 100 என்று வைத்துக்கொண்டால் 3,800 டாலர் ஆகிறது. மீதமுள்ள 700 டாலரை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கினால் பணம் போதும் என்று தோன்றும். பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில் கூட்டலை முடித்துவிடுகின்றன. ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று, மாணவர் அந்தக் கோடையில் ஈட்டாமல் விடும் ஊதியம். மற்றொன்று, அவரை ஏற்று மேற்பார்வை செய்யும் உள்ளூர் அமைப்புக்கு ஆகும் செலவு. முதலாவது வரி இல்லாததால் ஏழை மாணவர் போக முடியாமல் நிற்கிறார். இரண்டாவது வரி இல்லாததால், யாருக்கு உதவப் போகிறோமோ அவர்களே நம் மாணவரின் கல்விக்குச் செலவு செய்ய நேர்கிறது.

முதல் வரியை டாலரில் பார்ப்போம். எட்டு வாரம், வாரத்துக்கு 35 மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்றால் 4,200 டாலர். கூட்டாட்சி அரசு விதித்த குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் (2009-இலிருந்து அது உயரவே இல்லை) 2,030 டாலர் ஆகிறது. அதாவது, இலவசமாக அனுப்புகிறோம் என்று கல்லூரி சொல்லும் ஒரு பயணம், கோடையில் வேலை பார்த்தே தீர வேண்டிய மாணவருக்கு இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் டாலர் வரை இழப்பாக அமைகிறது. நான் குழுவில் இருந்த ஓர் ஆண்டில் எல்லாரும் ஒருமனதாக முதலிடம் கொடுத்த ஒரு மாணவி, தேர்வுக் கடிதம் கிடைத்த மறு வாரமே விலகிக்கொண்டார். அடுத்த பருவத்துக்கான புத்தகச் செலவையும் வீட்டு வாடகையில் தன் பங்கையும் கோடை வேலையிலிருந்துதான் அவர் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் மானியத்தில் அதற்கு இடமில்லை. அவருக்குப் பதிலாகப் போனவர் நல்ல மாணவர்தான். ஆயினும் அந்தத் தேர்வைச் செய்தது நாங்கள் அல்ல, எங்கள் செலவுப் பட்டியல்தான் என்ற எண்ணம் இன்று வரை என்னை விட்டுப் போகவில்லை.

இதற்கு வழி உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தேவை அடிப்படையில் நிதியுதவி பெறும் மாணவர்களுக்கு வகுக்கும் கணக்கில், கோடையில் உழைத்து இவ்வளவு தொகையை மாணவர் கொண்டுவருவார் என்று பல கல்லூரிகள் ஓர் எதிர்பார்ப்பை எழுதிவைக்கின்றன. ஊதியமில்லாத் தொண்டுக்குச் செல்வோருக்கு அந்த எதிர்பார்ப்பைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் உண்டு, அதற்கு ஈடாகத் தனித் தொகை கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் மகள் நிதியுதவி அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகளை எழுத்தில் அனுப்ப வேண்டும்: கோடை ஊதிய எதிர்பார்ப்பை நீக்குவீர்களா என்பது ஒன்று; இந்த மானியத்தைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டு உதவித்தொகையில் கழிப்பீர்களா என்பது இன்னொன்று. வாய்மொழியாகக் கிடைத்த உறுதியை நம்பி விமானச் சீட்டு வாங்க வேண்டாம். அதே மின்னஞ்சலில், பணம் புறப்படும் முன்பே வங்கிக் கணக்குக்கு வருமா, அல்லது ரசீதுகளைக் காட்டித் திரும்பிய பிறகுதான் பெற முடியுமா என்பதையும் கேட்டுவிடலாம். ரசீது முறை வசதியுள்ள குடும்பத்துக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. கடன் அட்டையை நம்பிப் புறப்படும் மாணவருக்கோ வட்டியாக முடியும். சில கல்லூரிகள் ஒரு பகுதியை இறுதி அறிக்கை வரும் வரை நிறுத்திவைப்பதும் வழக்கம்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பெரும்பாலான பெற்றோர் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்க வரிச் சட்டப்படி கல்விக் கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான நூல்களுக்கும் தரப்படும் உதவித்தொகைக்கு வரி இல்லை. பயணத்துக்கும் தங்குவதற்கும் உணவுக்கும் தரப்படும் தொகை வருமானமாகக் கொள்ளப்படும். அமெரிக்கக் குடிமக்களுக்குக் கொடுக்கும்போது கல்லூரி பொதுவாக வரி எதையும் பிடிப்பதில்லை, ஆகையால் கணக்கில் காட்டும் பொறுப்பு மாணவருடையது. வேறு வருமானம் அதிகம் இல்லாத மாணவருக்கு நிலையான கழிவுக்குள் (வரியில்லாமல் விடப்படும் அடிப்படைத் தொகைக்குள்) இது அடங்கிவிடுவதால் கட்ட வேண்டிய வரி பெரும்பாலும் இராது. எஃப் விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இத்தகைய தொகையில் 14 விழுக்காடு பிடித்தம் செய்வது பொது விதி; எனினும் பணி முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும்போது அத்தொகை வெளிநாட்டு வருமானமாகக் கருதப்படுவதற்கு விதிகளில் இடமுண்டு. பணம் கைக்கு வரும் முன்பே கல்லூரியின் வரி அலுவலரிடம் இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது, பிடித்த பணத்தைப் பின்னால் திரும்பக் கேட்பதைவிட எவ்வளவோ எளிது.

உங்கள் மகள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எஃப் விசாவில் இருப்பவராயின், திரும்பி வரும்போது, கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் பயணத்துக்கான கையொப்பம் ஓராண்டுக்குள் இடப்பட்டதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரையும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். முத்திரை முடிந்துவிட்டால் வெளிநாட்டிலேயே புதுப்பிக்க நேரும், தூதரக நேர்காணலுக்கு நாள் கிடைப்பது உறுதியில்லை, இலையுதிர் காலப் பருவ வகுப்புகள் காத்திருக்கா. போகிற நாட்டின் விசாவும் சிந்திக்க வேண்டியது. சுற்றுலா விசாவில் தொண்டு செய்வதைப் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. இந்தியாவின் மின்-சுற்றுலா விசா, ஊதியமில்லாத் தொண்டை அதிகபட்சம் ஒரு மாதத்துக்குத்தான் அனுமதிக்கிறது. எட்டு வாரப் பணிக்கு அது பொருந்தாது. கல்லூரி கேட்காவிட்டாலும், அந்த நாட்டுத் தூதரகத்திடமிருந்து எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது நல்லது.

செலவுப் பட்டியலில் விடுபட்ட இரண்டாவது வரியான உள்ளூர் அமைப்பின் செலவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நான்காவது கேள்விக்கு விடை அதில்தான் உள்ளது. இந்தப் பயணங்களால் அங்குள்ளோருக்கு என்ன பயன் என்ற கேள்வி புதியதல்ல. 1958-இல் ஜேம்ஸ் ராபின்சன் என்ற, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் 'ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ் ஆப்பிரிக்கா' வழியாக மாணவர்களைக் கோடைப் பணிக்கு அழைத்துச் சென்றபோது, ஆப்பிரிக்க இளைஞர்களோடு சேர்ந்து உழைத்துக் கற்பது என்பதே அதன் நோக்கமாக இருந்தது. 1961-இல் அமைதிப் படையை (பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பை) தொடங்கிய அதிபர் கென்னடி, ராபின்சனின் முயற்சியைத் தமக்கு முன்னோடியாகக் குறிப்பிட்டார். ஆனால் அமைதிப் படையில் சேர்பவர் மூன்று மாத மொழிப் பயிற்சிக்குப் பிறகு இரண்டாண்டுகள் தங்குகிறார். கோடை மாணவர் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுகிறார். 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குக் கோடைத் தொண்டுக்குப் புறப்படவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் பேச அழைக்கப்பட்ட சமூகச் சிந்தனையாளர் இவான் இலிச், போக வேண்டாம் என்றே அவர்களிடம் நேரடியாகச் சொன்னார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவ வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். அவருடைய முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய கேடு உண்மையானது: அங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்ற நிறைவோடு திரும்புவது.

ஒரு மாணவர் வந்து சேர்ந்தால் உள்ளூர் அமைப்பில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வர வேண்டும். தங்க வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் உடன் நின்று பெயர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தினமும் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அந்த அமைப்பிலேயே வேலைப் பளு அதிகமுள்ள செவிலியோ ஆசிரியையோதான். எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் மாணவர் வழி கற்றுக்கொள்வதிலேயே கழியும். மாணவர் செய்யும் வேலையின் மதிப்பு இந்த உழைப்பை ஈடு செய்யாமலே போகலாம். ஆகவேதான் அமைப்புக்கு ஒரு தொகை, நான் போட்ட கணக்கில் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம், பட்டியலில் இருக்க வேண்டும் என்று குழுவில் ஒவ்வோர் ஆண்டும் வாதாடினேன். நன்கொடை என்று எழுதினால் பல நிதிகளின் விதி இடம் கொடுக்காது. பயிற்சிக்கும் மேற்பார்வைக்குமான கட்டணம் என்று உண்மையான பெயரிலேயே எழுதினால் பெரும்பாலும் ஏற்பார்கள். அத்தொகையைச் சேர்த்தால் மொத்தம் 4,300 டாலர், எதிர்பாராச் செலவுக்கு மீதி 200. இறுக்கமான கணக்குதான், ஆனால் நேர்மையான கணக்கு.

இடைத்தரகு நிறுவனங்களின் வழியாகப் போவதாக இருந்தால் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: மாணவர் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போய்ச் சேருகிறது? விடை தெளிவாக வராத இடத்தை விட்டுவிடலாம். லாப நோக்கமுள்ள இடைத்தரகருக்கு மானியப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்றே சில கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன.

இரண்டு வகைப் பணிகளை உங்கள் மகள் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது அனாதை இல்லங்கள். கம்போடியாவைப் பற்றி யுனிசெஃப் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாகக் காட்டியது. வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்களோடு வரும் பணமும் பெருகப் பெருக, குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் வைப்பது ஒரு வருமான வழியாகிவிடுகிறது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவையின் தீர்மானமும் இதைத் தொட்டது. அந்தப் பின்னணி எதுவும் இல்லாவிட்டாலும், பெற்றோரைப் பிரிந்த குழந்தை எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதியவர் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு மறுபடி பிரிவது அதற்கு நல்லதல்ல. இரண்டாவது, மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்கள் நோயாளிகளைத் தொட்டுச் செய்யும் பணி. ஊசி போடுவது, காயத்துக்குத் தையல் போடுவது, பிரசவத்துக்கு உதவுவது என எதை அமெரிக்காவில் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லையோ அதை வேறு நாட்டிலும் செய்யக் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-இலேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அத்தகைய 'அனுபவம்' மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு வலுச் சேர்ப்பதற்குப் பதில் கேள்வியை எழுப்பும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள்.

அப்படியானால் எது பயனுள்ள பணி? அந்த அமைப்பு ஏற்கெனவே செய்ய நினைத்திருந்தும் நேரமின்மையால் தள்ளிப் போட்டதை எடுத்துச் செய்வது. ஒரு சிறு மருத்துவமனை தன் கையெழுத்துப் பதிவேடுகளைக் கணினிக் கோப்பில் ஏற்றித் தரக் கேட்டிருந்தது. மாணவர் முதலில் ஆங்கிலம் கற்பிக்கத்தான் விரும்பினார். மருத்துவமனையின் கடிதத்தைப் படித்துவிட்டுத் திட்டத்தை மாற்றிக்கொண்டார். எழுதிப் பார்த்தால் அது கவர்ச்சியில்லாத வேலை. ஆனால் அவர் போன பிறகும் அந்தக் கோப்பு அங்கே பயன்பட்டது, தினமும் அதில் புதிய பெயர்கள் ஏறின. அந்த இடத்தின் மொழியைப் பேசும் மாணவருக்கு இன்னும் பல கதவுகள் திறக்கும். உங்கள் மகளுக்குத் தமிழோ வேறு மொழியோ பேச வருமானால், அந்த மொழி வழங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது குழுவின் கண்ணிலும் எடையுள்ள காரணம். வீட்டுக்கு அருகில் போகிறார் என்று யாரும் குறைத்து மதிப்பிடமாட்டார்கள்.

விண்ணப்பத்தைப் பற்றி: குழுவில் இருப்பவர்கள் முதலில் புரட்டுவது உள்ளூர் அமைப்பின் கடிதத்தைத்தான். 'இந்த மாணவியை மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்' என்ற இரண்டு வரிக் கடிதம் எதையும் சொல்லாது. என்ன வேலை, யார் மேற்பார்வை, எங்கே தங்குவார், எந்த மாதத்தில் வந்தால் அவர்களுக்கு வசதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஒருமுறை இவற்றில் மேற்பார்வையாளரின் பெயர் மட்டும் இல்லாத ஒரு கடிதத்தை ஏற்று நாங்கள் அனுமதி கொடுத்தோம். மாணவர் போய் இறங்கியபோது, கடிதம் எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, அங்கிருந்த எவருக்கும் மாணவர் வருவது தெரியாது. தவறு குழுவினுடையது. அதற்குப் பிறகு மேற்பார்வையாளரோடு ஒரு முறையாவது தொலைபேசியில் பேசாமல் பணம் விடுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டோம்.

மாணவர் எழுதும் பகுதியில் உலகை மாற்றப் போவதாக எழுதுவதைவிட, மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தான் எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பார் என்பதை எழுதச் சொல்லுங்கள். அதை எழுத முடிந்தால் திட்டம் பழுத்துவிட்டது. முடியாவிட்டால் அமைப்போடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது. தனக்கு என்ன தெரியாது என்பதையும் அங்கே யாரிடம் கற்கப் போகிறார் என்பதையும் வெளிப்படையாக எழுதிய விண்ணப்பங்களை நாங்கள் ஒருபோதும் குறைவாக மதிப்பிட்டதில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் பேராசிரியரைவிட, மாணவர் பொறுப்பாக வேலை செய்ததைக் கண்ட ஒருவர் மேல். அங்கே மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு நடத்தும் எண்ணம் இருந்தால் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி தேவைப்படலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குழந்தைகளின் படங்களை அறிக்கையில் சேர்ப்பதற்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறது. பயணமே வேண்டாம் என்னும் நான்காம் நிலை நாடுகளுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் பணம் தருவதில்லை. மூன்றாம் நிலைக்குத் தனி மனுக் கேட்கின்றன. மானியம் கிடைத்த பிறகும் நிலை மாறலாம். 2020 மார்ச் 19 அன்று உலகம் முழுவதற்குமே நான்காம் நிலை அறிவிக்கப்பட்டு, அந்தக் கோடைக்கான பயணங்கள் பெரும்பாலும் நின்றன. எனவே தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ முடிகிற சீட்டையே வாங்குங்கள், சற்றே விலை கூடினாலும். கல்லூரியின் மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் செல்லுமா, அவசரமாக விமானத்தில் கொண்டுவரும் செலவை ஏற்குமா என்பதைக் கட்டாயம் பாருங்கள், அந்தச் செலவு பல்லாயிரம் டாலர் ஆகும். பயண மருத்துவரைப் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும்.

கல்லூரி நிதி போதாது என்று தெரிந்தால், குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் மானியத்தைப் பெறும் அமெரிக்கக் குடிமக்களுக்கு கில்மன் உதவித்தொகை உண்டு. 5,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் அது வெளிநாட்டுப் படிப்புக்கும் பயிற்சிப் பணிக்கும் ஏற்பட்டது, ஆகையால் தொண்டைக் கல்லூரி அங்கீகரிக்கும் பயிற்சியாக அமைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

ஆக, கோடை ஊதியம் இல்லாமல் உங்கள் குடும்பத்தால் சமாளிக்க முடியுமானால், செலவு குறைந்த ஓர் இடத்துக்கு 4,500 டாலர் போதும், அமைப்புக்கான தொகையையும் சேர்த்துத்தான். முடியாது என்றால் அந்தப் பணம் போதாது. அதை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே, தொகையோடு, ஒரு தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். விதியில் இடமில்லை என்று பதில் வரலாம். ஆனால் அந்த வரியை யாரும் எழுதாத வரையில், அப்படி ஒரு செலவு இருப்பதே குழுவுக்குத் தெரிவதில்லை; எங்கள் கல்லூரியில் கோடை ஊதியத்துக்கு ஈடான தொகை பின்னால் சேர்க்கப்பட்டதற்குக் காரணம், மூன்று மாணவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைக் கேட்டு எழுதியதுதான். பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். உள்ளூர் அமைப்பிடமிருந்து முழுமையான கடிதம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதால், அக்டோபரிலேயே முதல் மின்னஞ்சலை எழுதிவிட வேண்டும், அதுவும் முடிந்தால் அவர்களுடைய மொழியில்.